கல்லறைத் தோட்டம்: தரையோடு ஒட்டுவதா, உதிரியாக விடுவதா?

வாசகர் கேள்வி, 2024 ஆகஸ்ட் 3

மேசைமேல் ஆடும் போர் ஆட்டத்தின் 28 மி.மீ. மினிகளுக்கு (சின்ன வீரர் பொம்மைகள்) ஒரு கல்லறைத் தோட்டம் கட்டப் போகிறேன். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக ஒன்பது டைல். ஒவ்வொன்றிலும் கற்களை நிரந்தரமாக ஒட்டி, புல் போட்டு, எப்படித் திருப்பி வைத்தாலும் சேர்கிற மாதிரி செய்வதாகத் திட்டம். ஒட்டினால்தானே பார்க்க நன்றாக இருக்கும்? உதிரியாக விட்டால் பொம்மைக் கடை பரப்பி வைத்தது மாதிரி ஆகிவிடாதா?

ஆகஸ்ட் 3, இரவு

ஒட்டாதீர்கள். அழகு அப்புறம். முதலில் மினி நிற்க இடம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மி.மீ. என்பதை ஏறக்குறைய 1/56 என்று எடுத்துக்கொண்டால், இரண்டு மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள குழி மேசையில் 36-க்கு 13 மி.மீ. வரும். பழைய இங்கிலீஷ் தேவாலய வளாகங்களில் கல்லும் கல்லும் நெருக்கி நிற்கும். நடுவில் அரை மீட்டர் சந்து என்றால் நம் அளவில் 9 மி.மீ. எலும்புக்கூட்டு வீரனின் பேஸ் (காலடித் தட்டு) 25 மி.மீ. அவன் எங்கே போய் நிற்பான், கல்லின் தலையிலா?

படை வரிசையாக நகரும் ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த ‘தி ஓல்டு வேர்ல்டு’ சதுர பேஸ் ஆட்டம். 25 மி.மீ. பேஸில் ஐந்து பேர் தோளோடு தோள் நின்றால் அவர்களைச் சேர்த்து நகர்த்தும் டிரே 125 மி.மீ. அகலம். ஒட்டிய கல்லறைக்குள் அந்த டிரே நுழைய முடியாது. எதிராளி அதைச் சுற்றிக்கொண்டு போவார், நீங்கள் உருகி உருகிச் செய்த பகுதியில் ஆட்டம் முழுக்க ஈ, காக்கை இருக்காது.

என் கட்சி இதுதான். தரை மாட்யூல் (மாற்றி மாற்றி அடுக்கும் துண்டு) இல்லை. தரைக்கு ஒரு மேட் (விரிப்பு), இல்லாவிட்டால் பெயின்ட் அடித்த துணி போதும். சுவர், கம்பம், வாசல், மூன்று நான்கு கல் வரிசையாக நிற்கும் பட்டை, இவைதான் மாட்யூல். டிரே வந்தால் பட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அது போனதும் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 4

‘எப்படித் திருப்பினாலும் சேரும்’ என்கிற இடத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிறிஸ்தவ வழக்கப்படி தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துப் புதைப்பார்கள். உயிர்த்தெழும் நாளில் எழுந்தால் முகம் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்பது நம்பிக்கை. தேவாலயத்தின் பீடமும் கிழக்குப் பக்கம்தான். அதனால் பழைய வளாகத்தில் கற்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும். உங்கள் டைலைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் ஒரு பகுதி கிழக்கு-மேற்காகவும் பக்கத்துப் பகுதி வடக்கு-தெற்காகவும் படுத்துக் கிடக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் எங்கோ இடிக்கிறது என்று மட்டும் தோன்றும்.

திருப்பியே தீருவேன் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பூங்காக் கல்லறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸின் பெர் லாஷேஸ் (1804), லண்டனின் ஹைகேட் (1839) போன்றவை. வளைந்து வளைந்து போகும் பாதை, அதன் ஓரமாகக் கல்லறைகள். அங்கே பாதை எப்படிப் போகிறதோ அப்படித்தான் கல்லும் நிற்கும்.

இன்னொன்று. தேவாலயத்தின் வடக்குப் பக்கத்தை மக்கள் விரும்பியதில்லை. தற்கொலை செய்துகொண்டவர்களும் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் பெரும்பாலும் அங்கேதான். பிணம் எழுந்து வரும் ஆட்டம் ஆடுகிறீர்களா? திறந்த குழிகளை வடக்கே வையுங்கள்.

ஆகஸ்ட் 11

எதில் செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் வரும் அந்த நீல, இளஞ்சிவப்பு நுரைப் பலகை எக்ஸ்பிஎஸ், தெர்மாகோலின் நெருக்கமான, உதிராத வகை. நம் ஊரில் கைவினைக் கடையில் தேடினால் கிடைக்காது. மொட்டைமாடிக்கு வெப்பத் தடுப்புப் போடுகிறவர்களிடம் கேளுங்கள். முழுப் பலகையாகத்தான் விற்பார்கள், ஆனால் வேலை நடக்கும் இடத்தில் வெட்டிப்போட்ட துண்டுகள் சும்மாவே கிடக்கும். சாதாரண தெர்மாகோல் மணி மணியாக உதிரும். குன்றுக்கு உள்ளீடாக வைக்கலாம், மேலே நியூஸ்பேப்பரை ஃபெவிக்காலில் ஒட்டி மூடிவிட வேண்டும்.

கற்களுக்கு இரண்டுமே வேண்டாம். சன்போர்டு வாங்குங்கள். காலேஜ் மாடல் செய்யும் பிள்ளைகள் வாங்குகிற 5 மி.மீ. வெள்ளைப் பலகை. அது பிவிசி. ஃபெவிக்விக் தெர்மாகோலைத் தின்றுவிடும், இதை ஒன்றும் செய்யாது, நொடியில் பிடித்துக்கொள்ளும். ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பானுக்கும் நுரை உருகும், சன்போர்டு தாங்கும். கைதவறிக் கீழே விழுந்தாலும் மூலை உடையாது.

முக்கியம்: சன்போர்டை நிக்ரோம் கம்பியால் (மின்சாரத்தில் சூடாகும் கம்பி) சுட்டு வெட்டாதீர்கள். பிவிசி சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கு நல்லதில்லை. பிளேடு கட்டர்தான். நுரையைக் கம்பியால் வெட்டும்போதும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 12

தெர்மாகோல் என்றதும் வைகை அணையை இழுத்துவந்த நண்பருக்கு: 2017-ல் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம், போதும். ஆனால் காற்றடித்தால் கரை ஒதுங்கும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும். நுரையில் செய்த சுவரின் அடியில் இரண்டு இரும்பு வாஷர் ஒட்டுங்கள். ஃபேன் போட்டதும் சுவர் நகர்ந்தால் ஆட்டம் கெட்டது.

ஆகஸ்ட் 25

சுவர். எல்லோரும் சறுக்குகிற இடம் கம்பம்தான்.

சுவர்த் துண்டு ஒன்றைச் செய்து இரண்டு முனையிலும் கம்பம் வைப்பார்கள். தனியாகப் பார்க்க ஜோராக இருக்கும். இரண்டு துண்டைச் சேர்த்தால் நடுவில் இரட்டைக் கம்பம். சரி, ஒரு முனையில் மட்டும் வைப்போம் என்றால் மூலைக்கு மூலை இடக்கை, வலக்கை என்று பிரிந்து, வேண்டியது எப்போதும் பெட்டியில் இருக்காது.

கம்பத்தைத் தனியாகச் செய்யுங்கள். சுவரின் இரு முனையும் மொட்டை. கம்பம் 20 மி.மீ. சதுரம், 40 மி.மீ. உயரம், நாலு பக்கமும் வெறும் தட்டை, பள்ளம் எதுவும் வேண்டாம். சுவர் வந்து முட்டி நின்றால் போதும். அளவைக் கம்பத்தின் நடுவிலிருந்து அடுத்த கம்பத்தின் நடுவுக்கு எடுங்கள். அது 150 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் போக சுவர்த் துண்டு 130 மி.மீ. சிறிய துண்டு, நடுவிலிருந்து நடுவுக்கு 75, அதாவது 55 மி.மீ. சுவர். இந்த இரண்டு நீளம் இருந்தால் செவ்வகம், ‘எல்’, இடிந்த மூலை எல்லாம் வரும். சுவரை 150 என்று வெட்டிவிட்டுக் கம்பத்தை அதற்குமேல் சேர்த்தால் ஒவ்வொரு மூட்டுக்கும் 20 மி.மீ. கூடிக்கொண்டே போகும், ஒரு பெரிய துண்டுக்கு எதிரே இரண்டு சிறியதை வைத்தால் நாலாவது பக்கம் மூடாது.

அங்குலமா, மில்லிமீட்டரா என்று சண்டை வேண்டாம். ஆறடி மேசை 1829 மி.மீ. 150-ஆல் வகுத்தால் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியது மிஞ்சட்டும், அதில் டீ டம்ளர் வைக்கலாம்.

இரும்பு வேலி வேண்டுமென்றால் ஊதுபத்தி எரிந்து முடிந்த குச்சி. தடிமன் நிஜக் கம்பியைவிட அதிகம்தான், ஆனால் விரலில் பட்டு ஒடியாத தடிமன் அது. இரண்டு குறுக்குச் சட்டத்துக்குச் சன்போர்டுக் கீற்று. குச்சியின் நுனியைப் பென்சில் ஷார்ப்பனரில் செருகாதீர்கள், பிளந்துவிடும். உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் ஈட்டி முனை வரும்.

செப்டம்பர் 7

“3டி பிரிண்ட் போட்டால் முடிந்துவிடுமே?” முடிந்துவிடும். போடுங்கள். இந்தப் பதிவுகள் கையால் செய்கிறவர்களுக்கு.

செப்டம்பர் 15

ஒரே ஒரு கல்லை எப்படிச் செய்கிறேன் என்று விவரமாகக் கேட்டார்கள். விடுமுறை, எழுதுகிறேன்.

5 மி.மீ. சன்போர்டில் 14 மி.மீ. அகலத்தில் நீளமாக ஒரு கீற்று. அதை 20, 22, 18 என்று மாற்றி மாற்றி நறுக்குகிறேன். 1/56-ல் ஒரு மீட்டர் உயரக் கல்லுக்கு 18 மி.மீ.தான் வரும், ஆனால் மினி பேஸ் மேல் நிற்பதால் இரண்டு மூன்று மி.மீ. கூடினால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. இடுப்பளவு கல் இருந்தால் வில்லாளி பின்னால் பதுங்கலாம், தலைக்குமேல் போனால் சுவராகிவிடும். மேல் வளைவுக்குப் பேனா மூடியை வைத்துக் கோடு போட்டு, கட்டரால் நாலு மூலைவெட்டு, பிறகு உப்புத்தாள். சன்போர்டின் மேல்தோல் வழவழவென்று இருக்கும், அதை அப்படியே விட்டால் எந்தப் பெயின்டும் கல்லாகக் காட்டாது. முன்பக்கத் தோலை 120 நம்பர் தாளில் வட்ட வட்டமாகத் தேய்த்து எடுத்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய துளைகள் வெளியே வரும். மழையில் அரித்த சுண்ணாம்புக்கல் அதுதான், தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். விளிம்பில் இரண்டு இடத்தில் நகத்தால் அழுத்திக் கிள்ளுகிறேன்.

எழுத்து செதுக்காதீர்கள். இந்த அளவில் எழுத்து என்று எதை எழுதினாலும் விளம்பரப் பலகை ஆகிவிடுகிறது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒழுங்கற்ற நான்கைந்து கோடு போதும். மேலே உருவம் வேண்டுமென்றால் காலத்தைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கல் என்றால் இறக்கை முளைத்த மண்டையோடு, மணற்கடிகாரம். அடுத்த நூற்றாண்டு என்றால் துணி போர்த்திய ஜாடி. ஒரே வரிசையில் இரண்டும் இருக்கலாம், இடுகாடு ஒரே நாளில் நிரம்புவதில்லை.

சாய்வு. எல்லாக் கல்லையும் கன்னாபின்னாவென்று சாய்க்கும் பழக்கத்தை விடுங்கள். உள்ளே பெட்டி மட்கி உடைந்ததும் மேல் மண் அமுங்குகிறது, கல் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாய்கிறது. ஆகவே சாய்கிறவற்றில் பெரும்பாலானவை குழிப் பக்கமாகச் சாயட்டும், ஒன்றிரண்டு வேறு மாதிரி இருக்கட்டும், பாதி நேராகவே நிற்கட்டும். சாய்ந்த கல்லுக்கு முன்னால் மண் சற்றுக் குழிந்திருந்தால் போதும், கதை முடிந்தது.

கல்லின் அடியில் பாதி வெட்டிய குண்டூசி, பட்டையில் அதற்கு ஓட்டை, ஃபெவிக்விக். வெறும் பசையில் நிற்கும் கல் முதல் ஆட்டத்திலேயே யாருடைய முழங்கையிலாவது போய்விடும்.

அக்டோபர் 5

கொலு நேரம். மாட வீதியில் பார்க் போட விற்கிற பச்சை மரத்தூள் வாங்கி வந்தேன். அப்படியே போட்டால் கிளிப்பச்சை, ஒரு பிணமும் அங்கே எழுந்து வராது. தென்னை நார்த்தூளோடு பாதிக்குப் பாதி கலந்து, கொஞ்சம் பழுப்புப் பெயின்டை நீர்க்கக் கரைத்துத் தெளித்தால் ஐரோப்பிய இலையுதிர்காலம் வந்துவிடும். நார்த்தூளை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பயன்படுத்திய டீத்தூளும் அப்படியே.

மொட்டை மரத்துக்குக் காய்ந்த துளசித் தண்டு பிரமாதம், கிளை பிரிவதெல்லாம் நிஜ மரத்தின் அளவுக்கே இருக்கும். அம்மா பார்த்துவிட்டு, “துளசியைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டுலயா நடுவ?” என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். இப்போது பழைய மின்வயரின் செம்புக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருக்கிறேன். கொலு பார்க்கில் எங்கள் தேவாலயத்துக்கு இடம் உண்டு என்றும், கல்லறைக்குக் கிடையாது என்றும் தீர்ப்பாகியிருக்கிறது.

அக்டோபர் 20

காந்தம் பற்றி. சுவருக்கும் கம்பத்துக்கும் நியோடிமியம் காந்தம் வைக்கலாமா என்று கேட்டவரிடம் முதலில் வைக்கலாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். யோசித்தால் வேண்டாம். கம்பத்தின் நாலு பக்கத்திலும் எந்தச் சுவரும் ஒட்ட வேண்டும், அப்படியென்றால் எல்லாக் கம்பத்திலும் ஒரே துருவம், எல்லாச் சுவர் முனையிலும் எதிர்த்துருவம் வெளியே பார்க்க வேண்டும், ஒன்றைத் தவறித் திருப்பி ஒட்டினாலும் இடிக்கும். கம்பத்தில் காந்தம், சுவர் முனையில் இரும்பு ஆணித்தலை என்று வைத்தால் துருவத் தகராறு இல்லை. ஆனால் மினி தட்டினால் ஒரு துண்டு நகரும் இடத்தில் காந்தம் முழு வேலியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கனம் போதும், பிடிப்பு வேண்டாம்.

காந்தத்துக்கு உண்மையான வேலை, எடுத்து வைக்கும்போதுதான். கல் பட்டைகளின் அடியில் காந்த ஷீட் ஒட்டி டின்னில் வைத்தால் கற்கள் ஒன்றோடொன்று உரசாது. எவர்சில்வர் டப்பாவில் பெரும்பாலும் ஒட்டாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். பிஸ்கட் டின் தகரம், நன்றாக ஒட்டும்.

டிசம்பர் 1

ஃபெஞ்சல் புயல் புண்ணியத்தில் நேற்று முழுக்க வீட்டுக்குள்தான். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பட்டைகள் வளைகின்றன என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் 3 மி.மீ. எம்டிஎஃப் மேல் ஃபெவிக்கால் கரைசலைத் தாராளமாக ஊற்றிப் புல் ஒட்டினால், அந்தப் பக்கம் காயும்போது சுருங்கி, பலகையைத் தன் பக்கம் இழுக்கும். அடிப்பக்கத்துக்கும் அதே கரைசலை ஒரு பூச்சு அடியுங்கள், இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொள்ளும். வளைந்துவிட்டதா? எதிர்ப்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, மேலே கனமான அகராதி ஏதாவது வைத்து இரவு முழுக்க விடுங்கள். எல்லாம் சரியாகும் என்று சொல்ல மாட்டேன், பாதி சரியாகும்.

பட்டைக்கும் சன்போர்டே போட்டால் இந்தப் பிரச்சினையே கிடையாது. கனம் குறைவு என்பதுதான் ஒரே குறை, வாஷர் இருக்கிறது.

டிசம்பர் 8

ஆகஸ்டில் தரை மாட்யூல் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அதில் ஒரு திருத்தம், முழுதாக வாபஸ் இல்லை.

பழைய தேவாலய வளாகங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் மண் வெளியே போகும் தெருவைவிட உயரம். நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி புதைத்தால் நிலம் ஏறாமல் என்ன செய்யும்? அதனால் சுவர் வெளியிலிருந்து பார்த்தால் ஆளுயரம், உள்ளிருந்து பார்த்தால் முட்டியளவு. இது வெறும் அழகு இல்லை, ஆட்டத்துக்கும் உதவும்: உள்ளே நிற்பவனுக்குச் சுவருக்கு மேலே சுடப் பார்வை இருக்கும், வெளியே இருப்பவன் ஏறித்தான் வர வேண்டும்.

ஆகவே தேவாலய வளாகம் என்றால் மட்டும் 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் தட்டு, 280-க்கு 280, விளிம்பு செங்குத்தாக. மேல்பரப்பு மட்டம், கல் எதுவும் ஒட்டக் கூடாது. பட்டைகள் அதன் மேல். சுவர் தட்டுக்கு வெளியே மேட் மேலேயே நிற்கட்டும், 28 மி.மீ. உயரம், உள்ளிருந்து பார்த்தால் 18. வாசலில் இரண்டு படி.

முதலில் கேட்டவர் இதைப் படித்துவிட்டு “அப்போ நான் சொன்ன டைல்தானே?” என்று எழுதியிருக்கிறார். தட்டு உங்களுடையது, ஒட்டாத கல் என்னுடையது. சமரசம்.

டிசம்பர் 15

பெரிய கட்டுமானம் ஒன்று நடுவில் வேண்டும் என்கிறவர்கள் கோத்திக் கூரையை விட்டு வெளியே வரலாம். கல்கத்தாவின் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறை 1767-ல் திறந்தது. பிரமிடும் ஊசித்தூணும் நெருக்கியடித்து நிற்கும், கீழைமொழி அறிஞர் வில்லியம் ஜோன்ஸின் உயரமான ஊசித்தூண் அங்கேதான். பிரமிடு செய்ய நாலு முக்கோணம் போதும், கற்றுக்குட்டிக்குக்கூட வரும்.

சென்னைக்காரர்களுக்குப் பழவேற்காடு பக்கம்தான். டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த வாசலைத்தான் எடுத்துக்கொண்டேன். மினி வாங்கும் பெட்டியில் மிஞ்சிய எலும்புக்கூடு இரண்டு, கையை வெட்டித் திருப்பித் தூணோடு ஒட்டி, எம்-சீலால் இடுக்கை அடைத்தால் செதுக்கியது போலவே வருகிறது. கல்லும் எலும்பும் ஒரே நிறம் என்பதை மறக்காமல் இருந்தால் சரி. எலும்புக்குத் தனி வெள்ளை அடித்தால் காவலுக்கு நிற்கிற பிணங்களாகிவிடும்.

இன்னொரு உருப்படி, யாரும் செய்து நான் பார்த்ததில்லை: இரும்புக் கூண்டு போட்ட குழி. ஸ்காட்லாந்தில் பிணத்தைத் திருடி மருத்துவக் கல்லூரிக்கு விற்ற காலத்தில், புதிய குழியின் மேல் கனமான இரும்புக் கூண்டைப் போட்டுப் பூட்டினார்கள். 1832-ல் உடற்கூற்றுச் சட்டம் வந்து பிணம் முறையாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அந்தத் தொழில் படுத்தது. பார்க்கிறவர்கள் பிணம் வெளியே வராமல் இருக்கத்தான் கூண்டு என்று நினைப்பார்கள். நம் ஆட்டத்துக்கு அந்த நினைப்பே வசதி. ஊதுபத்திக் குச்சிதான், 40-க்கு 18 மி.மீ.

பெயின்ட் பற்றி ஒரு வரி: கல் என்றால் சாம்பல் நிறம் என்று அடித்துத் தள்ளாதீர்கள். கறுப்பு அடிப்பூச்சில் கொஞ்சம் ஃபெவிக்கால், மேலே பழுப்பு கலந்த சாம்பல், பிறகு கிரீம் நிறத்தில் ட்ரை பிரஷ் (ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தடவுவது), உச்சியில் மஞ்சள் காவி சில புள்ளிகள். கல்லின் தலையில் கற்பாசி பல இடங்களில் மஞ்சளாகப் படரும்.

டிசம்பர் 29

மூன்றடிக்கு மூன்றடி மேசைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால்: பெரிய சுவர் எட்டு, சின்னது ஆறு (இரண்டு இடிந்தது), கம்பம் பதினாறு, கல் பட்டை பத்து, திறந்த குழி இரண்டு, கூண்டு ஒன்று, வாசல் ஒன்று, நடுக்கட்டடம் ஒன்று. சிறு குழுக்கள் மோதும் ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ ஆட இது போதும், அடைசலாக இருந்தால்தான் அந்த ஆட்டம் நன்றாக இருக்கும். படை வரிசை ஆட்டத்துக்கு இதில் பாதியை மேசைக்குக் கீழே வையுங்கள்.

வாசல் கதவுக்குக் கீல் வைத்துத் திறந்து மூடும்படி செய்யலாமா என்று கடைசியாக ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம், குண்டூசியும் ரீஃபில் குழாய்த் துண்டும் இருந்தால் அரை மணி நேர வேலை. நான் பாதி திறந்தபடி ஒட்டிவிட்டேன். மூடுகிற கதவு இருந்தால் அதை யார் மூடியது, பூட்டியதா, கோடாலியால் உடைக்க எத்தனை பகடை என்று பஞ்சாயத்திலேயே சாயங்காலம் போய்விடுகிறது.